கவீயா சுருள்கூடை: செடியில் தொடங்கி விளிம்பு வரை

கேள்வி இதுதான்: தெற்கு கலிபோர்னியாவின் கவீயா பழங்குடிப் பெண்கள் செய்யும் சுருள்கூடையை எப்படிச் செய்கிறார்கள்? அதிலுள்ள பழுப்பும் கறுப்பும் சாயமா? படத்தைப் பார்த்துச் செய்துபார்த்தால் தட்டு ஏன் கிண்ணம்போல வளைந்துகொள்கிறது, காய்ந்ததும் தையல் ஏன் தளர்ந்துபோகிறது?

எல்லாவற்றுக்கும் பதில் சொல்லலாம். ஆனால் ஊசியைப் பற்றி முதலில் பேசினால் விஷயம் தலைகீழாகிவிடும். இந்தக் கூடையின் நன்மையும் கோளாறும் பெரும்பாலும் முதல் தையலுக்கு முன்பே முடிவாகிவிடுகின்றன. செடியை எப்போது அறுத்தார்கள், எவ்வளவு காயவைத்தார்கள், இழையை எவ்வளவு சீராகச் சீவினார்கள் என்பதில்தான் கூடை இருக்கிறது. அதனால் செடியிலிருந்தே வருகிறேன்.

கவீயா மக்களின் நிலம் கோச்செல்லா பள்ளத்தாக்குப் பாலைவனம், அதன் மேற்கே நிற்கும் சான் ஹசிண்டோ, சாண்டா ரோசா மலைகள், வடமேற்கே சான் கோர்கோனியோ கணவாய். பாலைவனத்தார், மலையார், கணவாயார் என்று மூன்று பிரிவாக அவர்களைச் சொல்வது வழக்கம். கூடைக்கு வேண்டிய செடிகள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்காது. ஒன்று ஊற்றோரம் வளரும், ஒன்று மலைச்சரிவில், சாயச்செடி உவர்நிலத்தில். ஒவ்வொன்றுக்கும் பருவமும் வேறு. ஆகவே ஒரு கூடைக்கான சரக்கைச் சேர்க்கவே ஒரு வருடம் ஓடிவிடும்.

இது பின்னல் வேலை இல்லை, தையல் வேலை. நம் வீடுகளில் பானை வைக்க வைக்கோலைப் புரியாகச் சுற்றிச் செய்யும் புரிமணையை நினைத்துக்கொள்ளுங்கள். அதுபோலப் புல்தண்டுகளை ஒரு கத்தையாகச் சேர்த்து, மையத்திலிருந்து சுருளாகச் சுற்றிக்கொண்டே போகிறார்கள். ஒவ்வொரு சுற்றையும் அதற்கு முந்தைய சுற்றோடு இழையால் இறுக்கித் தைக்கிறார்கள். உள்ளே இருக்கும் கத்தையைப் புரி என்றும், மேலே சுற்றித் தைப்பதை இழை என்றும் இனிச் சொல்கிறேன். கூடை முடிந்தபின் கண்ணுக்குத் தெரிவது இழை மட்டுமே. புரி முழுக்க மறைந்துவிடும்.

புரிக்கு ஆவது டீர்கிராஸ் என்னும் புல். தாவரப் பெயர் முலன்பெர்கியா ரிஜென்ஸ், கவீயா மொழியில் ஸூல். பெரிய கொத்தாக வளரும் இந்தப் புல்லின் இலை உதவாது, பூந்தண்டுதான் வேண்டும். ஒரு மீட்டர் அல்லது அதற்குக் கூடுதலாக, நேராக, கணு தட்டாமல், நுனிவரை ஒரே சீராக ஒடுங்கிப் போகும் தண்டு அது. அறுத்ததும் நுனிப்பூவை உருவி, அடியில் ஒட்டியிருக்கும் இலையுறையையும் உரித்துவிட வேண்டும். உறையை விட்டுவிட்டால் புரி அங்கங்கே புடைக்கும், ஊசியும் வழுக்கும். பூந்தண்டு பழுத்து விதை உதிர்ந்து வெயிலில் நெடுநாள் நின்றுவிட்டால் நொறுங்கும்; மிகப் பச்சையாக அறுத்தால் காயும்போது சுருங்கிப்போகும். முற்றி நிமிர்ந்து, இன்னும் வளைந்துகொடுக்கும் நிலையில் அறுப்பதே சரி.

எத்தனை தண்டு வேண்டும்? சியரா நெவாடா அடிவாரத்து இனங்களின் சமையல் கூடை ஒன்றுக்கு ஏறத்தாழ 3,750 பூந்தண்டு ஆனதாகத் தாவர ஆய்வாளர் காட் ஆண்டர்சன் கணக்குச் சொல்கிறார். ஒரு கொத்து நூற்றுக்குக் குறைவாகவே நல்ல தண்டு தரும். தானாக வளர்ந்து கிடக்கும் புல்லை நம்பி இந்த வேலை நடக்காது. அதனால்தான் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கொத்துகளைத் தீவைத்து எரிக்கும் வழக்கம் கலிபோர்னியப் பழங்குடிகளிடம் இருந்தது. காய்ந்த இலைக்குப்பை எரிந்துபோனால் அடுத்த பருவத்தில் பூந்தண்டு மிகுதியாக எழும். தீவைப்பதை அரசு தடைசெய்த பிறகு கொத்துகள் தம் சருகிலேயே மூச்சுமுட்டி நின்றன. கூடைக்கலை தளர்ந்ததற்குச் சந்தையை மட்டும் காரணம் சொல்கிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

இழைக்கு இரண்டு செடிகள். முதலாவது ஜங்கஸ், கவீயா மொழியில் ஸேயில். ஜங்கஸ் டெக்ஸ்டிலிஸ் இனம் ஆளுயரத்துக்கு, இலையே இல்லாத உருண்டைத் தண்டாக, ஈரமும் நிழலும் உள்ள இடத்தில் எழும். கத்தியால் அறுக்கக் கூடாது. ஒவ்வொரு தண்டாக அடியில் பிடித்து, நேர்மேலாக நிதானமாக இழுத்தால் கிழங்கிலிருந்து வழுக்கிக்கொண்டு வரும். அப்படி எடுக்கக் காரணம் உண்டு. மண்ணுக்குள் இருக்கும் அந்த அடிப்பகுதியில்தான் செங்காவி கலந்த பழுப்பு நிறம் இருக்கிறது. அறுத்தால் அதைச் செடியோடு விட்டுவிட்டு வருகிறோம். வெடுக்கென்று பக்கவாட்டில் இழுத்தால் கிழங்கே பெயர்ந்து அடுத்த ஆண்டு முளை போய்விடும்.

நிறம் பற்றிய கேள்விக்கு இங்கேயே பாதிப் பதில் வந்துவிட்டது. ஒரே ஜங்கஸ் தண்டில் அடியில் ஆழ்ந்த பழுப்பு, அதற்குமேல் ஆரஞ்சு சாயல், பிறகு மஞ்சள் கலந்த வைக்கோல் நிறம், நுனிப்பக்கம் பச்சை. பச்சை வெயிலில் வெளுத்துப் பொன்னிறத்துக்கு வந்துவிடும். இந்த மாற்றம் கோடு கிழித்தாற்போல இருக்காது. ஒன்றுக்குள் ஒன்று கரையும். அந்த இழையை அப்படியே தைத்துக்கொண்டு போனால் தையலுக்குத் தையல் நிறம் நகர்ந்து, பின்னணி முழுக்கப் புள்ளிபுள்ளியாகக் கலங்கி நிற்கும். கவீயா கூடைகளிலும் அண்டை இனங்களான லூயிசேனோ, குபேனோ, செரானோ, குமேயாய் மக்களின் கூடைகளிலும் தெரியும் அந்தத் தேன்நிறக் கலங்கல் சாயம் இல்லை, செடியின் சொந்த நிறம். பாம்பு உருவத்தை இப்படிப்பட்ட இழையால் தைக்கும்போது செதிலின் அசைவே வந்துவிடுகிறது. எந்த இழையின் எந்தப் பகுதி எந்தச் சுற்றில் வரவேண்டும் என்று பார்த்து எடுத்துவைப்பது மிகத் தேர்ந்தவர்களின் வேலை.

இரண்டாவது சுமாக். ரஸ் ட்ரைலோபேட்டா என்னும் புதர், கவீயா மொழியில் ஸெலெத். இது வெளிர்நிற இழை தரும், ஜங்கஸைவிட வலு அதிகம். ஒரு வருடத்துக் கொம்புதான் ஆகும்: நேராக, பக்கக்கிளை இல்லாமல், பென்சிலைவிட மெலிதாக. வெட்டாமல் விட்ட பழம்புதரில் இது கிடைக்கவே கிடைக்காது. எல்லாம் முறுக்கிக்கொண்டு, கணுவுக்குக் கணு கிளைத்து நிற்கும். புதரைத் தரையோடு வெட்டிவிட்டாலோ எரித்தாலோ அடுத்த ஆண்டு ஈட்டிபோலக் கொம்பு எழும். இலையுதிர்ந்த குளிர்காலத்தில், தளிர் விடுமுன் அறுக்கிறார்கள்.

இதில் ஓர் ஆபத்து உண்டு. சுமாக்கும் பாய்ஸன் ஓக் என்னும் நச்சுப்புதரும் ஒரே மலைச்சரிவில் வளரும், இரண்டுக்கும் மூன்று மூன்றாக இலை. பாய்ஸன் ஓக்கின் பால் தோலில் பட்டாலே கொப்புளம் போடும். இந்த வேலையிலோ கொம்பை வாயில் கடித்துத்தான் பிளக்க வேண்டும். இலை இருக்கும்போது பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம்: பாய்ஸன் ஓக்கில் நடு இலைக்குத் தனியே ஒரு சிறு காம்பு இருக்கும், சுமாக்கில் இராது. குளிர்காலத்தில் இலை இருக்காதே! ஆகவே கோடையிலேயே போய்ப் பார்த்து, எந்தப் புதர் என்று அடையாளம் வைத்துவிட்டு வரவேண்டும்.

பிளக்கும் முறை இரண்டு செடிக்கும் ஒன்றுதான். தண்டின் ஒரு முனையில் நகத்தாலோ கத்தியாலோ மூன்றாகக் கீறி, ஒரு கூறைப் பல்லில் கடித்துக்கொண்டு, மற்ற இரண்டை இரு கைகளில் பிடித்து நிதானமாக விலக்க வேண்டும். பிளவு ஒருபக்கம் ஒதுங்கி ஒரு கூறு மெலியத் தொடங்கினால், உடனே தடித்த கூறை அதிகமாக வளைத்து இழுங்கள். எந்தப் பக்கம் அதிகம் வளைகிறதோ அந்தப் பக்கம்தான் பிளவு ஓடும். அதனால் நடுவுக்குத் திரும்பிவிடும். பலர் இதற்கு நேர்மாறாக, மெலிந்ததை இழுத்து அறுத்துவிடுகிறார்கள். சுமாக்கைப் பச்சையாக இருக்கும்போதே பிளந்து, பட்டையை உரித்து, உள்நெட்டியை நீக்கிவிட வேண்டும். காய்ந்துவிட்டால் பிளக்காது, உடையும்.

அடுத்தது காயவைத்தல். தையல் ஏன் தளர்கிறது என்ற கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது. பச்சை இழை காயும்போது அகலத்தில் சுருங்கும். பச்சையாகவே தைத்தால் அன்றைக்கு இறுக்கமாக, அழகாகத் தெரியும். சில வாரத்தில் ஒவ்வொரு தையலுக்கும் இடையே மயிரிழை இடைவெளி விழுந்து, உள்ளே புரி எட்டிப்பார்க்கும். அதனால் இழையை வளையமாகச் சுற்றிக் கட்டி, சில மாதமாவது நன்றாக உலர்த்தியபின், தைக்கும்போது மட்டும் நனைத்துக்கொள்ள வேண்டும். நனைப்பதிலும் அளவு உண்டு. சுமாக்குக்குக் கொஞ்சநேரம் ஊறல் வேண்டும். ஜங்கஸை ஈரத்துணியில் சுற்றிவைத்தாலே போதும். ஊறப்போட்டுவிட்டால் உப்பி, பிறகு சுருங்கி, பச்சை இழையின் கதியே இதற்கும். அன்றன்றைக்குத் தைக்கக்கூடிய அளவை மட்டும் நனையுங்கள். நனைத்துக் காய்ந்து, திரும்ப நனைத்த இழை பூசணம் பிடிக்கும், நிறமும் மங்கும்.

இனிச் சீவுதல். பிளந்த ஜங்கஸின் உட்புறம் வெள்ளைப் பஞ்சுபோல ஒரு நெட்டி இருக்கும். கத்தியைச் செங்குத்தாகப் பிடித்து, இழையை அதன் கீழே வைத்து இழுத்து, அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். குறைவாகச் சுரண்டினால் தையல் தடிக்கும். அதிகமானால் இழுக்கும்போது படக்கென்று அறும். அகலத்தைச் சீராக்க ஒரு எளிய கருவி உண்டு: தகர மூடியில் ஆணியால் பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாகத் துளை போட்டு, இழையை ஒவ்வொன்றாக அவற்றில் இழுப்பது. துளையின் கூரான ஓரம் மிகையானதைச் சீவிவிடும். கடைசித் துளையிலிருந்து வரும் இழை எல்லாம் ஒரே அகலம். இந்தப் பொறுமை இல்லாவிட்டால் பின்னால் எந்தத் திறமையும் அதை ஈடுகட்டாது.

கறுப்புக்கு வருகிறேன், அது மட்டும் உண்மையிலேயே சாயம். நம் உப்பளக் கரைகளில் முளைக்கும் உமரியின் இனமான சுவேடா என்ற உவர்நிலச் செடியை நசுக்கி ஊறவைத்த நீரிலும், எல்டர்பெரி என்னும் புதரின் காம்புகளை ஒரு வாரம்போல ஊறவைத்த நீரிலும் ஜங்கஸ் இழையைப் போட்டுக் கறுப்பாக்கியதுண்டு. 1900இல் டேவிட் பிரெஸ்காட் பாரோஸ் கவீயா தாவரப் பயன்பாட்டைப் பற்றி எழுதிய நூலிலும், 1972இல் கவீயா அறிஞர் காதரின் சீவா சாபெல், மானிடவியலாளர் லோவெல் பீன் இருவரும் சேர்ந்து எழுதிய நூலிலும் இந்தச் செடிகளைப் பற்றி விரிவாகப் படிக்கலாம். இப்போது துருப்பிடித்த இரும்பைத் துவர்ப்புச்சத்துள்ள காய்த்தோல்களோடு நீரில் ஊறவைத்தும் கறுப்பு எடுக்கிறார்கள். அதில் ஒரு எச்சரிக்கை: இரும்பு மிகுந்தால் நார் காலப்போக்கில் பொடிந்துபோகும். பழைய கூடைகளில் மற்ற தையல் எல்லாம் திடமாக இருக்க, கறுப்புத் தையல் மட்டும் உதிர்ந்திருப்பதைப் பார்க்கலாம். சாயத்தில் போட்டதை மறந்துவிடாமல், நிறம் ஏறியதும் எடுத்து நன்றாக அலசுங்கள்.

தையலுக்கு வேண்டிய கருவி ஒரே ஒரு குத்தூசி. முன்பு மான் எலும்பில் செய்தார்கள். பிறகு மரப்பிடியில் பதித்த இரும்பு முனை வந்தது. முனை கூராக, உருண்டையாக இருக்க வேண்டும். பட்டையான வெட்டுமுனை கூடாது. ஊசியின் வேலை தண்டுகளை விலக்கி வழிவிடுவது; வெட்டினால் புரி வலுவிழக்கும்.

மையம் ஒரு சின்ன முடிச்சு. நனைத்த ஜங்கஸ் இழைகள் சிலவற்றைச் சேர்த்து இறுக்கி முடிச்சிட்டு, அதன் வால்களை முதல் புரியாக வளைத்து, இழையால் முடிச்சின் ஊடே தைத்துத் தொடங்கலாம். முதல் இரண்டு சுற்று முரண்டு பிடிக்கும். தண்டு மடங்கும், முடிச்சு சுழலும். அங்கே முழுத் தடிமனில் புரியைத் தொடங்காதீர்கள். இரண்டு மூன்று தண்டோடு ஆரம்பித்து, மூன்றாம் சுற்றுக்குள் வேண்டிய தடிமனுக்கு வந்தால் போதும்.

தையல் இப்படி: புதிய புரியை முந்தைய சுற்றின்மேல் வைத்துப் பிடிக்க வேண்டும். முந்தைய சுற்றில் இரண்டு தையலுக்கு இடையே ஊசியைச் செலுத்தி, அதனுள் இருக்கும் தண்டுகளில் மேல்பக்கத்துச் சிலவற்றைப் பிடிக்குமாறு துளை போட்டு, ஊசியை எடுத்த கையோடு இழைநுனியை நுழைத்து இழுக்க வேண்டும். இழை கீழ்ச்சுற்றின் இழையோடு கொக்கிபோட்டுக்கொள்ளாது, தண்டைத்தான் பிடிக்கும். கீழ்த்தையலைக் குத்திப் பிளந்துவிட்டால் அந்த இடம் சொரசொரப்பாகி, வடிவக் கோடும் கலையும். இழைநுனியைக் கூராகச் சீவி வைத்துக்கொண்டால் துளைக்குள் தடுமாறாது. இழை தீர்ந்தால் அதன் வாலைப் புரிக்குள் மடக்கி, புதிய இழையின் வாலையும் அதோடு படுக்கவைத்து, மேலே தைத்துக்கொண்டு போனால் இரண்டும் தாமாகப் பூட்டிக்கொள்ளும். புரியில் தண்டு சேர்ப்பது ஒவ்வொன்றாக இருக்கட்டும். நாலைந்து தண்டு ஒரே இடத்தில் தீர்ந்து, நாலைந்தை ஒரே இடத்தில் செருகினால் அங்கே ஒரு கழுத்தும் ஒரு வீக்கமும் விழும்.

வளைவுக்குக் காரணம் வெறும் கணக்கு. புரியின் தடிமன் 5 மில்லிமீட்டர் என்று வையுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஆரம் 5 மி.மீ. கூடுகிறது, அதனால் சுற்றளவு 31 மி.மீ. கூட வேண்டும். இழை 2 மி.மீ. அகலம் என்றால் சென்டிமீட்டருக்கு 5 தையல். சுற்றுக்குச் சுற்று சுமார் 15 தையலைப் பரவலாகக் கூட்டிக்கொண்டே போகவேண்டும். கூட்ட மறந்தாலோ, புரியை இழுத்து இறுக்கிக்கொண்டே தைத்தாலோ, வெளிச்சுற்று நீளம் போதாமல் ஓரத்தை மேலே தூக்கும். அதுதான் உங்கள் கிண்ணம். தளர்வாக விட்டால் ஓரம் அப்பளம்போல அலையடிக்கும். தட்டைத் தரையில் வைத்து இரண்டு சுற்றுக்கு ஒருமுறை பாருங்கள். அலையோ வளைவோ தெரிந்தால் அந்தச் சுற்றைப் பிரிப்பதே வழி. மேலே அழுத்தி நேராக்கலாம் என்று நினைக்காதீர்கள், திரும்ப எழும். கிண்ணமே வேண்டுமென்றால் புரியை வெளியோரத்தில் வைக்காமல் முந்தைய சுற்றின் முதுகின்மேல் ஏற்றிவைத்துச் சுவரை எழுப்ப வேண்டும்.

அதே கணக்கை முழுத் தட்டுக்கும் போடலாம். 40 செ.மீ. விட்டமுள்ள தட்டில் 5 மி.மீ. புரி ஏறத்தாழ 25 மீட்டர் ஓடுகிறது. 12,000 தையலுக்கு மேல். ஒரு தையலுக்கு 2 செ.மீ. இழை என்றால் 250 மீட்டர். ஓர் இழையில் உருப்படியாக 60 செ.மீ. தேறினால் 400க்கு மேல் இழை, அதாவது 140 தண்டு. அறுந்தது, நிறம் ஒவ்வாதது எல்லாம் கழிய 200 தண்டாவது கையில் இருக்க வேண்டும். பாதியில் சரக்குத் தீர்ந்து அடுத்த பருவத்து ஜங்கஸைச் சேர்த்தால் நிறம் மாறிய இடம் வளையமாகத் தெரியும்.

விண்மீன், மின்னல், பாம்பு, கழுகு, சுழல்காற்று, பூ என்று வடிவங்கள் பல. வரைந்துவைத்துத் தைப்பதில்லை, எண்ணித்தான் தைக்கிறார்கள். ஐந்து முனை விண்மீன் வேண்டுமென்றால் அது தொடங்கும் சுற்றின் மொத்தத் தையல் ஐந்தால் வகுபடுமாறு முந்தைய சுற்றிலேயே கூட்டியோ குறைத்தோ சரிசெய்துகொள்ள வேண்டும். ஐந்தாம் முனை மட்டும் ஒடுங்கியிருக்கும் கூடைகளில் நடந்தது இந்தக் கணக்குத் தவறுதான். புரி சுருளாக ஏறுவதால் சுற்று தொடங்கும் இடத்தில் ஒரு படி விழும். அங்கே வடிவத்தை இரண்டொரு தையல் முன்பின்னாக நகர்த்தினால்தான் கோடு ஒட்டிவரும்.

முடிவில் விளிம்பு. தனிப்பட்ட வேலைப்பாடு கிடையாது, அதே தையல்தான். கடைசி 5, 6 செ.மீ. தூரத்தில் புரியின் தண்டுகளை ஒவ்வொன்றாக வெட்டிக் கூராக்கி, முந்தைய சுற்றோடு கரையவிட்டு, சில தையல் பின்னோக்கிப் போட்டுப் பூட்டிவிட வேண்டும்.

இவை அலங்காரத்துக்கு மட்டும் செய்தவை அல்ல. அகலத் தட்டு முறம்போலப் புடைக்கவும், தணலோடு விதையைக் குலுக்கி வறுக்கவும் பயன்பட்டது. தட்டை ஓயாமல் அசைத்துக்கொண்டே இருந்தால் தீப்பிடிக்காது. சுமைவலையின் பட்டை நெற்றியை அறுக்காமலிருக்கப் பெண்கள் கூடைத்தொப்பி அணிந்தார்கள். அடியில்லாத கூடையைக் கல்லுரலின் வாயில் ஒட்டி, இடிக்கும்போது சிதறாமல் பார்த்துக்கொண்டார்கள். சிறிய உருண்டைக் கூடைகள் பொக்கிஷம் வைக்கவும் பரிசளிக்கவும். கவீயா மக்களிடம் மண்பானை இருந்தது. அதனால் வடக்கே சில இனங்களைப்போலச் சுட்ட கல்லைக் கூடையில் போட்டுச் சமைக்கும் தேவை குறைவு. நம் சீமைக்கருவேலத்தின் இனமான மெஸ்கீட் மரத்தின் காய்களைச் சேர்த்துவைக்கும் பெரிய களஞ்சியக் கூடை வேறு வகை. குச்சிகளைப் பறவைக்கூடுபோலக் கோத்தது, சுருள் தையல் அல்ல.

1890களிலிருந்து சில பத்தாண்டுகள் அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் இவற்றைத் தேடித்தேடி வாங்கினார்கள். எல்லாவற்றுக்கும், அந்தப் பகுதியின் ஸ்பானியப் பாதிரிமார் நிலையங்களை வைத்து, மிஷன் கூடை என்று ஒரே பெயர் போட்டுவிட்டதால், எது எந்த இனத்தவர் கைவேலை என்பது பலவற்றில் தொலைந்துபோனது. பிறகு தளர்ந்த கலையை டொன்னா லார்கோ போன்ற கவீயா பெண்கள் கற்றுக்கொடுத்து மீட்டார்கள். இன்று பெரிய இடையூறு செடிதான். சாலையோரத்திலும் வனநிலத்திலும் தெளிக்கும் களைக்கொல்லி, இழையைக் கடித்துப் பிளக்கிறவர்களின் வாய்க்குள் போகிறது. 1992இல் அமைந்த கலிபோர்னிய பழங்குடிக் கூடைக்கலைஞர் சங்கம் தொடக்கத்திலிருந்தே பேசிவரும் விஷயம் இது. தெளித்த இடம் எது என்று தெரியாமல் யாரும் அங்கே ஒரு தண்டுகூட எடுக்கக் கூடாது.

பயிற்சிக்கு ராஃபியா என்னும் பனைவகை நாரும் எந்த உறுதியான புல்தண்டும் போதும். 5 மி.மீ. புரியில், உள்ளங்கை அகலத் தட்டு ஒன்றை முதலில் தட்டையாக முடியுங்கள். பிறகு நிறமும் வடிவமும். செய்ததை அமெரிக்காவில் விற்பதாக இருந்தால், பழங்குடியினர் செய்யாத பொருளை அவர்கள் செய்ததாகக் காட்டி விற்பதை 1990ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக வைத்திருக்கிறது. சட்டம் எட்டாத ஊரிலும் கவீயா கூடை என்ற பெயர் கவீயா கைகளிலிருந்து வந்ததற்கு மட்டுமே.